மந்தாரையில் வெள்ளை

சென்னியப்பன் வாளியை இறக்கி வைத்துவிட்டு, கடைசி மந்தாரையின் நுனிக்கொழுந்தைக் கண்ணருகே இழுத்தார். நேற்றைவிட இன்னும் கொஞ்சம் சுருண்டிருப்பதுபோல் பட்டது. பட்டதுதான், அப்படி இருக்க வழியில்லை, நேற்றுக் காலை இதே கையால் இதே கொழுந்தைத் துடைத்தவர் அவர், சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் காம்பு காம்பாகத் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார், பிறகு எப்படிச் சுருளும், கண்ணில்தான் கோளாறு, புரை முற்றட்டும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், முற்றட்டும், கண் போனாலும் எதிரி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது விரலுக்குத் தெரியும். ஆனாலும் சுருண்டுதான் இருந்தது. குழந்தை கைவிரல்களை மடக்கி வைத்துக்கொண்டு திறக்கமாட்டேன் என்பதுபோல் கொழுந்து மடங்கிக் கிடந்தது, மடிப்புக்குள் வெள்ளை, சுண்ணாம்பைத் தெளித்ததுபோல் வெள்ளை. இன்றைக்கு நந்தகோபால் வருவான். வீதிச் சங்கத்தின் செயலாளர், வெள்ளைக் கார்க்காரன், கார் இதோ இந்த மரத்தின் கீழேதான் நிற்கிறது, கண்ணாடி முழுக்கப் பிசுபிசுப்பு. காலை உணவு முடித்துவிட்டு மருந்தடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான், மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் வெட்டிவிட்டு ஏதாவது அழகுப் பனை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான், அதற்குத் தலையாட்டல்கள் வேறு. சங்கம். கார் வைத்திருப்பவனெல்லாம் சேர்ந்தால் அதற்குப் பெயர் சங்கம். அந்தச் சொல்லுக்காக மண்டை உடைந்தவர்கள் இதே வீதியில் இருந்தார்கள், இன்று அந்தச் சொல் குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை. மரம் அவர் வைத்தது. கொன்றையும் மந்தாரையும் மயில்கொன்றையுமாக, மில் கேட் இருந்த இடத்திலிருந்து முக்கு வரைக்கும், ஒவ்வொரு குழியும் அவர் தோண்டியது அல்லது தோண்டுகிறவன் தலைமாட்டில் நின்று அவர் திட்டியது. அதைப் பனை வைக்கிறேன் என்று ஒருவன் சொன்னால் சென்னியப்பன் இன்னும் சாகவில்லை என்பதை அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பூச்சியை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பு என்று அவருக்கு இருந்ததெல்லாம் துண்டுப் பிரசுரம், மில்லின் ஸ்பின்னிங் பிரிவில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து டீக்கடை வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டியது, அந்தப் பிரசுரங்கள் அவருக்கு மூன்று கேள்விகளைக் கொடுத்தன, யார் உறிஞ்சுகிறான், யார் சுமக்கிறான், யார் காவல் நிற்கிறான். இந்த மூன்றையும் கேட்டால் போதும், மில்லும் புரியும், முனிசிபாலிட்டியும் புரியும், மரமும் புரியும். கொன்றையைத் தின்ற பச்சைப்புழுவை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது பட்டப்பகலில் இலையைக் கடித்துத் தின்கிறது, ஒளிவுமறைவில்லை, நாளைக்கு மஞ்சள் பட்டாம்பூச்சியாகிப் பறந்துவிடும், மரம் மறுபடி துளிர்க்கும், அவனோடு பேச்சுவார்த்தை நடத்தலாம். மயில்கொன்றையின் பட்டைக்குள் துளை போட்டவன் வேறு ஜாதி. மரத்தூளையும் எச்சத்தையும் நூலில் கோத்துத் திரைபோல் தொங்கவிட்டு, பகலில் உள்ளே படுத்துத் தூங்கி, இரவில் வெளியே வந்து பட்டையைச் சுரண்டுகிறவன். அவனுக்குச் சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்தி, துளையில் மண்ணெண்ணெய்ப் பஞ்சைத் திணித்து, களிமண்ணால் வாயை அடைத்தார், அதோடு கதை முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு நந்தகோபாலே, ஐயா நீங்க அக்ரியில படிச்சீங்களா என்று கேட்டான். நான் படித்தது உங்களை மாதிரி ஆட்களைத்தான் தம்பி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, அப்போது அவன் மரத்தின் பக்கம் இருந்தான். மாவுப்பூச்சி அப்படியல்ல. கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சுவது, உறிஞ்சி மிஞ்சியதைப் பாகாகக் கழிவது, அந்தப் பாகுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எறும்பு காவல் நிற்பது. முதலாளி, மிச்சச் சொச்சம், அடியாள். பார்த்தவுடனே சிரிப்பு வந்தது அவருக்கு, இதை அச்சடித்து ஒட்டினால் படம் போடவே வேண்டாம். அதனால்தான் முதலில் எறும்பைக் கத்தரித்தார். வீட்டுப் பரணிலிருந்த மில் வேஸ்ட் பஞ்சைத் துணியோடு சேர்த்து மரத்தின் இடுப்பில் சுற்றி, மேலே கிரீஸ் தடவினார், பட்டையில் கிரீஸ் படக்கூடாது, துணியில்தான். மறுநாள் பார்த்தால் எறும்புகள் கீழே கூடி நின்று ஒன்றின் முகத்தை ஒன்று முகர்ந்துகொண்டிருந்தன, கதவடைப்பு நோட்டீஸ் பார்த்த மாதிரி. அது சரியான வேலை. அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் ஏன் கொழுந்து சுருள்கிறது.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கும் பேன் பார்க்க வந்துட்டீங்களாட்ட இருக்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ராக்கியம்மா. பால் பாக்கெட்டும் கறிவேப்பிலையுமாகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். மில்லில் நூல் சுற்றும் ரீலிங்கில் இருபது வருசம் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவள், அவள் வீட்டுக்காரன் சின்னராசுவும் அவரும் ஒரே வேனில் ஜெயிலுக்குப் போனவர்கள், அவன் போய்விட்டான், அவள் வாய் மட்டும் போகவில்லை.

"பேன் இல்லை ராக்கி, மாவுப்பூச்சி."

"தலையில இருந்தா என்ன, தழையில இருந்தா என்ன. எம்பட தலையை ஒரு நாளாச்சும் அவரு இப்படிப் பார்த்திருப்பாரா. எங்க, எல்லாம் ஊருக்கு உழைச்ச மனுசங்க."

"உன்ற தலையில என்ன இருந்துச்சு பார்க்கறதுக்கு."

"இருந்துச்சுங், நீங்க கேட்டீங்களா, மைக்கு உங்க கையில." அவள் மரத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தப் பையன் மருந்துக்காரனைக் கூட்டியாறானாமா. அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும் விடுங்கண்ணா. இதுக்கு நின்னு மல்லுக்கட்டி மயங்கி விழுந்தீங்கன்னா தூக்கறதுக்கு ஆள் இல்லை. என்னால ஆகாது."

"மருந்தடிச்சா அதோட நிக்குமா? இன்னைக்கு மருந்து, நாளைக்குக் கோடாலி."

கோடாலி என்றதும் அவள் மரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனாள். அவளுக்கும் தெரியும், அவளும் அன்றைக்கு இருந்தாள்.

வாகை மரம். மில் கேட்டுக்கு நேர் எதிரே நின்றது, மில்லுக்கு முந்தியே நின்றது. கேட் மீட்டிங் என்றால் கேட்டில் நடப்பது என்று வெளியாட்கள் நினைப்பார்கள், கேட் மீட்டிங் என்றால் வாகையடி. சித்திரை வெயிலில் அத்தனை ஜனமும் உட்கார அந்த ஒரு மரம் போதும், பெண்கள் தூரோடு ஒட்டி, பிள்ளை தூங்க வேரோரம் துண்டு விரித்து, ஆண்கள் நிழல் நகர நகரக் கூடவே நகர்ந்து. நீண்ட வேலைநிறுத்தம் அது. முதலாளி கூலியை நிறுத்திப் பார்த்தான், ரேசன் கடைக்காரனை மிரட்டிப் பார்த்தான், கேஸ் போட்டான், கலையவில்லை. ஒரு மத்தியானம் லாரியில் ஆட்கள் வந்தார்கள், போலீஸ் வட்டம் கட்டி நின்றது, மரத்தை வெட்டினார்கள். மரத்தை. யாரையும் தொடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, கிளை விழுந்த சத்தம்தான், பிறகு வெளிச்சம், கண்ணைக் கூசுகிற வெளிச்சம், அந்த இடம் அவ்வளவு சின்னது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மறுநாள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம் என்று பின்னால் மேடைகளில் சொல்வார், கைதட்டல் விழும், உட்கார்ந்தது உண்மைதான், ஆனால் எத்தனை பேர் உட்கார்ந்தோம் என்பதை மேடையில் சொன்னதில்லை. நிழல் போனதும் பிள்ளைக்காரிகள் வருவது நின்றது, பெண்கள் வராததும் வீட்டில் அடுப்பைப் பற்றிய பேச்சு தொடங்கியது, பேச்சு தொடங்கியதும் ஒவ்வொருவனாகப் பின்கேட் வழியாக வேலைக்கு. துப்பாக்கிக்குத் தோற்றோம் என்று சொன்னால் ஒரு கௌரவம், வெயிலுக்குத் தோற்றவர்களைப் பற்றி எந்தப் பிரசுரத்திலும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் எரிச்சல், கூட்டம் எதன்மேல் நிற்கிறது என்று நம்மைவிட அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்போது மில்லும் இல்லை, அவனும் இல்லை, சுவரை இடித்து வீடுகட்டி வாசலுக்கு ஒரு கார் நிறுத்தியிருக்கிறார்கள். இந்த மந்தாரை அழகுக்கு வைத்தது என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். வசந்தத்தில் பூக்கும், ஊதாவாகப் பூக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அவர் வைத்தது உட்காருவதற்கு. யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டால், உட்காருகிறவர்கள் வருவார்கள், நிழல் முதலில் இருக்க வேண்டும்.

அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், செய்தித்தாள் படிக்க வாங்கியது. வேலையைத் தொடங்கும்போது எப்போதும் பெரியவற்றிலிருந்து தொடங்குவார், அது அவர் முறை, தலையை அடி, வால் தானாக அடங்கும். மாவுப்பூச்சியிலும் தலைகள் உண்டு. மற்றவை பொட்டுப் பொட்டாக அப்பிக்கொண்டிருக்க, இவை மட்டும் உருண்டு திரண்டு, உடம்பெல்லாம் வெள்ளைத் திரித்திரியாகத் தொங்க, ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட மாதிரி இருக்கும். பார்த்தாலே தெரியும், கொழுத்தவன் யார் என்று. தினமும் அவற்றைத் தேடித் தேடிக் கட்டைவிரலால் நசுக்குவார், மஞ்சளாகக் கசியும், சின்னவற்றை நசுக்கினால் ரோஸ் நிறம், பெரியவற்றில் மஞ்சள், கொழுப்பு என்று நினைத்துக்கொண்டார், அத்தனை உறிஞ்சியிருந்தால் மஞ்சளாகத்தானே இருக்கும். இன்றும் ஒன்று அகப்பட்டது. கொழுந்தின் மடிப்பை விரித்தவுடன் வாசலிலேயே நின்றது. கட்டைவிரலைக் கொண்டுபோனார். அது ஓடியது. ஓடியது என்றால் தத்தித் தத்தி அல்ல, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டவன் ஓடுவதுபோல், ஆறு காலும் தெரிய, காம்பைத் தாண்டி மறுபக்கம். விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. மாவுப்பூச்சி ஓடாது. அதை அவர் அறிவார், அது ஊசி வாயை உள்ளே செருகி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், தள்ளினால்கூட அசமந்தமாக நகரும். ஓடவேண்டிய தேவை அதற்குக் கிடையாது, சோறு காலடியிலேயே. கொழுந்தை மெல்லத் திருப்பிப் பூதக்கண்ணாடியைப் பிடித்தார், இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கவஸ்திரக்காரன் ஒரு சின்ன மாவுப்பூச்சியின்மேல் தலையைக் கவிழ்த்திருந்தான். முதலில் சிரிப்பு வந்தது. பெரிய முதலாளி சின்ன முதலாளியைத் தின்கிறான், பிரசுரத்தில் சொன்னது சொன்னபடி. சின்னது வற்றியது, தோல் மட்டும் மிஞ்சியது, அங்கவஸ்திரக்காரன் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனான். அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்திலேயே மரத்தில் கொழகொழவென்று சாறு இருக்கிறது, அதை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. சிரிப்பு நின்றது. உறிஞ்சுகிறவன் இல்லை இவன். இவன் வேறு ஆள். அந்த உடுப்பு மட்டும்தான் அவர்களுடையது.

அப்போதுதான் மஞ்சள் ஞாபகம் வந்தது. மஞ்சள் கொழுப்பு அல்ல, இரத்தமே வேறு. கொஞ்ச நாளாகவே இலைமேல் ஒரு சின்னக் கருவண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, தலை மட்டும் செம்மஞ்சள், சிவப்பென்றே சொல்லலாம். இது யாரோ வழிப்போக்கன் என்று விட்டுவிட்டார், அந்த வண்டின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் இந்த அங்கவஸ்திரக்காரர்கள். எறும்பைக் கத்தரித்ததும் வந்தவர்கள், காவல் விலகியதும் உள்ளே நுழைந்தவர்கள், அவர்தான் கதவைத் திறந்துவிட்டார், திறந்துவிட்டு நுழைந்தவனையெல்லாம் வாசலிலேயே. கட்டைவிரலைப் பார்த்தார். நகக்கண்ணில் மஞ்சள் காய்ந்திருந்தது, நேற்றையது, முந்தாநாளையது, வேட்டியில் துடைத்தார், போகவில்லை. ஒரு வாரம், இல்லை, அதற்கு மேலேயே இருக்கும், எண்ண வேண்டாம், எண்ணி என்ன ஆகப்போகிறது. வேளாண்மைத் துறைப் பிரசுரம் ஒன்று வீட்டில் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் நன்மை செய்யும் பூச்சிகள் என்று ஒரு தலைப்பு போட்டிருந்தது, அதைப் படிக்கவில்லை. அது பழக்கம். மில் நிர்வாகம் ஒட்டுகிற எந்த நோட்டீஸிலும் கடைசிப் பத்தி ஒத்துழைப்பு, நல்லெண்ணம், குடும்பம் என்றுதான் முடியும், அதுவரை வந்ததும் கிழித்துவிடுவது சங்கத்தில் எல்லாருக்கும் கற்றுத்தந்தது, அவரே கற்றுத்தந்தது, நஞ்சு கடைசிப் பத்தியில் இருக்கும் தோழர்களே. நன்மை என்ற சொல்லைக் கண்டதும் கண் தானாக நின்றுவிட்டது. மில்லில் வருகைக் கணக்கெழுதிய டைம் ஆபீஸ் அருளானந்தத்தின் வெள்ளைச் சட்டை நினைவில் வந்து நின்றது, கஞ்சி போட்ட சட்டை, கேட்டில் அவர் நுழையும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடும், அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை, யார் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. போ. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனிதன் சட்டையைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறான், பூச்சி போடுவதில்லை, பூச்சியை வைத்து மனிதனை மன்னிக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. அருளானந்தம் நினைவை விட்டுப் போகவில்லை, கொஞ்ச நேரம் காரின் கண்ணாடியில் நின்றார், பிறகு வெயில் ஏறியதும் அது வெறும் கண்ணாடி ஆனது. பயமெல்லாம் வேறு. பயம் என்னவென்றால், இன்றைக்கு மருந்தடித்தால் முதலில் சாகப்போவது ஓடுகிறவன். மாவுக்காரன் மெழுகைப் போர்த்திக்கொண்டு மடிப்புக்குள் கிடப்பான், பாதியாவது பிழைப்பான், திரும்பப் பெருகுவான், அப்புறம் கோடாலி. அதைத் தடுக்க ஒரே வழி, கொஞ்சம் நாள் வேண்டும். அதாவது, நாள் கேட்க வேண்டும். சென்னியப்பன் யாரிடமும் அவகாசம் கேட்டதில்லை. கெடு வைப்பது நாம், கெடு கேட்பது அவர்கள், வாழ்க்கை முழுக்க அப்படித்தான். கேட்பது எப்படி என்றே தெரியாது, வாயில் அதற்கு ஏற்ற இடம் இல்லை.

நந்தகோபால் வந்தான், பின்னால் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்துக்காரன், மருந்து வாடை அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. "ஐயா, கொஞ்சம் தள்ளி உட்காந்துக்கறீங்களா. கண்ணுல பட்டா எரியுங்க" என்றான் மரியாதையாக. அந்த மரியாதைதான் பிடிக்காது, அடிக்க வருகிறவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தால் எவ்வளவு வசதி.

"தம்பி, முதல்ல இதைப் பாருங்க." கண்ணாடியை நீட்டினார்.

நந்தகோபால் குனிந்தான். "எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாத்தானே இருக்குதுங்க."

"அவசரப்படாதீங்க. ஒண்ணு ஓடும் பாருங்க."

"ஆமா. ஒண்ணு போகுது. அட, அதைக் கடிக்குதுங்க."

"ஓடறது நம்மாளு. உட்காந்திருக்கறது அவன். நீங்க மருந்தடிச்சீங்கன்னா ஓடறவன்தான் முதல்ல விழுவான்."

நந்தகோபால் நிமிர்ந்தான், முகத்தில் சந்தேகம் பாதி, சிரிப்பு பாதி. "இதைத்தானுங்கய்யா நீங்க தினமும் நசுக்கிட்டு இருந்தீங்க? பால்கனியில இருந்து பார்ப்பேன்."

மருந்துக்காரன் இருமினான். முக்கில் ராக்கியம்மா, போனவள் போகாமல், பால் பையோடு நின்றிருந்தாள். சென்னியப்பனுக்குச் சொல்வதற்கு நிறைய வந்தது, கண்புரை, பிரசுரத்தின் அச்சு, உடுப்பு, எல்லாம் தொண்டை வரை வரிசையாக வந்து நின்றன. "ஆமா" என்றார். "இன்னையிலிருந்து இல்லை."

"அப்ப இந்தப் பிசுக்குக்கு என்னங்க பண்றது? காரைப் பாருங்க."

"காரை எதிர்ச் சாரியில நிறுத்துங்க."

"அங்க வெயிலுங்கய்யா" என்றான் நந்தகோபால். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. எதிர்ச் சாரியில் மரமே இல்லை, அங்கே யாரும் எதுவும் நிறுத்தியிருக்கவில்லை. வீதியின் எல்லாக் காரும் இந்தப் பக்கம், இந்த மரங்களின் காலடியில், இருக்கிற கொஞ்சம் நிழலை நெருக்கிப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. சென்னியப்பன் எதிர்ச் சாரியைப் பார்த்தார். மேடையில் இருந்திருந்தால் இதற்குக் கால் மணி நேரம் பேசியிருப்பார். இங்கே வாயை மூடிக்கொண்டிருப்பதே போதும் என்று தெரிந்தது, வெயில் அவருக்காகப் பேசட்டும், ஒரு முறையாவது அது நம் பக்கம் பேசட்டும். பிறகு அந்தச் சொல்லைத் தொண்டையிலிருந்து பிடுங்கி எடுத்து வைத்தார். "கொஞ்சம் டைம் குடுங்க தம்பி."

நந்தகோபால் அவரையே பார்த்தான். இந்த மனிதர் ஒன்றைக் கொடு என்று கேட்டு அவன் பார்த்ததில்லை, விடமாட்டேன் என்றுதான் பார்த்திருக்கிறான். "எத்தனை நாளுங்க?"

"அடுத்த அமாவாசை வரைக்கும் பாருங்க. புதுக் கொழுந்து நேரா வந்துச்சுன்னா மரம் பொழைச்சுது. வரலைன்னா, நீங்க சொல்றதுக்கு நான் குறுக்க வர மாட்டேன்."

"நிசமாவா?"

"நான் போட்ட ஒப்பந்தத்தை நான் மீறினதில்லை. மீறினதெல்லாம் எதிர்த்தரப்பு."

மருந்துக்காரன், சார் அப்ப என் கூலி என்று முனகினான். நந்தகோபால் அவனைக் கூட்டிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் போனான், போகிறபோது காரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான், எடுக்கலாமா வேண்டாமா என்று, எடுக்கவில்லை. ராக்கியம்மா மெதுவாக வந்தாள்.

"கேட்டீங்களாண்ணா? டைம் கேட்டீங்களா? அவரு இருந்திருந்தா நெஞ்சைப் புடிச்சுட்டு உட்காந்திருப்பாரு."

"போய்ப் பாலைக் காய்ச்சு, திரிஞ்சு போகும்."

"அமாவாசை வரைக்கும் என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லை."

அவள் சிரித்தாள், ஆனால் அவர் கேலிக்குச் சொல்லவில்லை. சோப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். பிரஷ்ஷை வீசினார். கிரீஸ் கட்டு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், கீழே எறும்புகள் இன்னும் கூடி நின்று ஆலோசித்துக்கொண்டிருந்தன, நிற்கட்டும். வாளியைக் கவிழ்த்து மந்தாரையடியில் போட்டு உட்கார்ந்தார். காரின் நிழலும் மரத்தின் நிழலும் சேர்ந்து அவர் முழங்கால் வரைக்கும் எட்டின. கட்டைவிரல் அரித்தது. ஒரு வாரப் பழக்கம், கொழுந்தை விரி, தேடு, நசுக்கு என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, கையில் எதையாவது செய்யாவிட்டால் எதிரி ஜெயித்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இந்தக் குரலை அவருக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்த முதல் நாள் ஒவ்வொருவன் கையும் இப்படித்தான் துடிக்கும், நூல் அறுந்திருக்கும், போய் முடிச்சுப் போடு என்று. அப்போது அவர் ஒவ்வொருவனிடமும் போய்ச் சொல்வார், சும்மா இருக்கிறது லேசு இல்லை தோழா, கையை மடக்கிக்கோ, உட்காரு, நாம் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே நமக்காக ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை அவரைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவன் இந்த ஊரில் இருந்ததில்லை, அவரைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவனும் இல்லை. கட்டைவிரல்கள் இரண்டையும் உள்ளங்கைக்குள் மடித்து, மேலே மற்ற விரல்களைப் பூட்டிக்கொண்டார். ராக்கியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பால் பையை மடியில் வைத்துக்கொண்டு, தூரோடு ஒட்டினாற்போல் தானும் உட்கார்ந்தாள். மேலே, சுருண்ட கொழுந்துக்குள், வெள்ளை உடுப்புக்காரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.